பகோடா: நேவார் கோயிலுக்கு ஒட்டாத பெயர்

நேபாளத்தின் பக்தபூர் நகரத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘பகோடா பாணிக் கோயில்’ என்றே பலரும் எழுதிவிடுகிறோம். செங்கல் சுவரின் மேல் ஓட்டுக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மேலே போகப் போகச் சிறுத்துப்போகும் கோயில்கள் அவை. கட்டியவர்கள் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் வாழும் நேவார் மக்கள். பகோடா அவர்களுடைய சொல் அல்ல.

போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளில் பரவிய சொல் அது. வேர் எது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ‘பகவதி’ திரிந்தது என்பார்கள். சிலை இருக்கும் வீடு என்று பொருள்படும் பாரசீகச் சொல் என்பார்கள். தூபியைக் குறிக்கும் சிங்களத்து ‘தாகப’ என்பாரும் உண்டு. வேர் எதுவானாலும், ஆசியாவில் கண்ட கோயிலையெல்லாம் ஐரோப்பியர் பகோடா என்றார்கள். மாமல்லபுரம் அவர்களுக்கு ‘ஏழு பகோடா’. நம் வராகன் காசுக்கும் பகோடா என்றே பெயர் வைத்தார்கள். அடுக்குக் கூரை என்ற பொருள் அப்போது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. (தின்கிற பக்கோடாவுக்கும் இதற்கும் உறவில்லை. அது ‘பக்வ வட’ என்ற வடமொழித் தொடரிலிருந்து இந்தி வழியாக வந்தது.)

சரி, நேவார் மக்கள் என்ன சொல்கிறார்கள்? ‘தேக’. ‘தேவகிருகம்’ என்பது நேவார் நாவில் தேய்ந்து அப்படி ஆனது. இன்னொரு சொல் ‘த்யோசென்’. த்யோ என்றால் தெய்வம், சென் என்றால் வீடு. உலா வரும் தெய்வங்களைத் தெருவில் உள்ள ஒரு வீட்டில் வைத்துப் பூசை செய்வார்கள். அந்த வீடுதான் த்யோசென். நாம் கோ + இல் என்று சேர்த்துக் கோயில் என்றோமே, அதே நினைப்பு அங்கேயும் இருந்திருக்கிறது. எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடித்தது. பகோடாவை விட்டுவிடலாம் என்று தோன்றியதும் இதனால்தான்.

பக்தபூரில் மிக உயரமான கோயில் ஞாதபோலா. 1702இல் மன்னர் பூபதீந்திர மல்லன் எழுப்பியது. உள்ளே சித்தி லட்சுமி. பெயரின் நேவார் உச்சரிப்பு ‘ங’வில் தொடங்குகிறது; ‘ஙாதா’ ஐந்தைக் குறிக்கும், ‘போல’ கூரையைக் குறிக்கும். ஆக, தெய்வத்தின் பெயரால் அல்ல, கூரைகளின் எண்ணிக்கையால் ஊரார் அழைக்கும் கோயில். அடியில் ஐந்து படிமேடைகள். படிக்கட்டின் இருபுறமும் கீழிருந்து மேலாக மற்போர் வீரர், யானை, சிங்கம், யாளி போன்ற விலங்கு, கடைசியாகப் பாகினி, சிங்கினி என்ற தெய்வங்கள். ஒவ்வொரு சோடியும் தனக்குக் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு வலிமை உள்ளது என்பது நம்பிக்கை. 2015 நிலநடுக்கத்தில் அதே நகரத்தின் வத்சலா துர்கை கற்கோயில் இடிந்து விழுந்தது. ஞாதபோலா பெரிய சேதமில்லாமல் நின்றது.

இதைத் தமிழில் ‘ஐந்து மாடிக் கோயில்’ என்பது தவறு. உள்ளே ஆள் புழங்கும் மாடிகள் இல்லை. ‘அடுக்குக் கோபுரம்’ என்பதும் சரிவராது. கோபுரம் நமக்கு வாயிலின் மேல் நிற்பது. இங்கே கருவறைக்கு மேலேயே கூரைகள் அடுக்கப்படுகின்றன. வெளியே நீண்டிருக்கும் கூரையின் பாரத்தைச் சுவருக்குக் கொண்டுவருபவை சாய்வாக முட்டுக் கொடுத்திருக்கும் மரக்கட்டைகள். துண்டால் என்கிறார்கள் அவற்றை. பல கைகளுடன் தெய்வ உருவங்களை அவற்றில்தான் செதுக்குகிறார்கள். கூரையை விட்டுவிட்டால் அந்தச் சிற்பத்துக்கே இடமில்லை.

அதனால் ‘அடுக்குக் கூரைக் கோயில்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. பெயரிலேயே எண்ணிக்கை இருப்பதால், ஞாதபோலாவை இன்னும் சுருக்கமாக ‘ஐங்கூரைக் கோயில்’ என்றே எழுதலாம்.