லேண்ட்ஸ்கேப் என்றால் நிலக்காட்சி

லேண்ட்ஸ்கேப் ஆங்கிலச் சொல்லாகப் பிறந்ததல்ல, டச்சு மொழியிலிருந்து போனது. டச்சில் 'லாண்ட்ஸ்காப்' என்றால் முதலில் ஒரு வட்டாரம், ஒரு நிலப்பகுதி, அவ்வளவுதான். அங்கே ஓவியர்கள் நிலத்தையே தனிப் படமாக வரைய ஆரம்பித்ததும் படத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் கடன் வாங்கியது இந்த ஓவியப் பொருளைத்தான். 'லேண்ட்ஸ்கிப்' என்றும் எழுதினார்கள். கண்முன் விரிகிற நிலத்தையே அப்படிச் சொல்வது பின்னால் வந்த வழக்கம். 'ஸ்கேப்' என்றால் காட்சி என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அது ஃப்ரெண்ட்ஷிப்பில் வரும் 'ஷிப்'புக்கு உறவான வெறும் விகுதி. அதைத் தனியே பிய்த்துக் கடலுக்கு ஸீஸ்கேப், நகரத்துக்கு சிட்டிஸ்கேப் என்று ஒட்டியதெல்லாம் அப்புறம் நடந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயற்கைக் காட்சி ஓவியம்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்பதற்கு டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரைஸ்டாலின் படங்களே போதும்.

ரைஸ்டால் 1628 வாக்கில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். சித்தப்பா சாலமோனும் நிலத்தை வரைந்து பேர் வாங்கியவர். பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோன ரைஸ்டால் 1682இல் இறந்தார். ஊருக்கு வெளியே மணல்மேட்டிலிருந்து ஹார்லெமைப் பார்ப்பதுபோல அவர் வரைந்த படங்கள் பல உண்டு, அதில் ஒன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பாதிக்கு மேல் வானம்தான், மேகம் குவிந்து குவிந்து நிற்கிறது. கீழே புல்வெளியில் லினன் துணியை நீள நீளமாக விரித்து வெளுக்கப் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் எறும்பளவு தெரிகிறார்கள், தொலைவில் செயின்ட் பாவோ தேவாலயம் ஊருக்கு மேலே எழும்பி நிற்கிறது. மேக இடுக்கில் விழும் வெயில் சரியாக அந்த வெள்ளைத் துணிமேல் படுகிறது. ஊர், தொழில், கோயில், உழைப்பு எல்லாம் இருக்கிற இந்தப் படத்தை 'இயற்கை' என்ற ஒரு சொல்லில் எப்படி அடைப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் பெந்தைம் கோட்டை நிற்பது ஒரு சிறு குன்றின்மேல்தான். 1650 வாக்கில் அங்கே போய்வந்த ரைஸ்டால், 1653இல் வரைந்த படத்தில் அதைப் பெரிய மலைமேல் ஏற்றி வைத்துவிட்டார் (அந்தப் படம் இப்போது டப்ளினில் இருக்கிறது). வெளியே போய்க் கோட்டோவியம் போட்டுக்கொள்வார், வண்ணம் தீட்டுவது பட்டறையில், அங்கே மலையை உயர்த்துவதும் வெயிலை நகர்த்துவதும் அவர் கையில். ஆக, இது இருந்ததை அப்படியே எடுத்து வைத்த இயற்கை இல்லை, ஓர் ஓவியர் நிலத்தை இப்படிக் காட்டுகிறார் என்பதுதான் விஷயம்.

அதனால்தான் 'நிலக்காட்சி' என்ற சொல் பொருத்தம் என்கிறேன். நிலமும் உண்டு, காட்டுகிறவரும் உண்டு. நிலக்காட்சி ஓவியம், நிலக்காட்சி ஓவியர் என்று தயங்காமல் எழுதலாம், கடற்காட்சி, நகரக்காட்சி என்று நீட்டவும் வசதி. போனிலும் பிரிண்டரிலும் வரும் லேண்ட்ஸ்கேப்புக்கு மட்டும் இதைப் போடாதீர்கள், அங்கே 'கிடைவாக்கு' போதும். ரைஸ்டாலே ஹார்லெம் காட்சிகள் சிலவற்றை நெடுவாக்கில்தான் வரைந்திருக்கிறார்.