பந்தின் வேகத்தை எந்த இடத்தில் அளந்தார்கள்?

பேஸ்பால் வரலாற்றின் மிக வேகமான பந்து எது என்று கேட்டால் பதிவேட்டில் ஒரு பதில் இருக்கிறது. 2010 செப்டம்பர் 24 அன்று சான் டியேகோ மைதானத்தில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் அரோல்டிஸ் சாப்மன் வீசிய பந்து. மணிக்கு 105.1 மைல், அதாவது சுமார் 169 கிலோமீட்டர். அதற்குக் கீழே 1974-ல் நோலன் ரயன் வீசிய 100.9 மைல். இன்னும் கீழே 1946-ல் பாப் ஃபெல்லரின் 98.6. அடியில் 1912-ல் வால்டர் ஜான்சனின் 83.

இந்த வரிசையைப் பார்த்ததும் ஒரு முடிவு தானாகவே மனதில் வந்து உட்கார்ந்துவிடும்: மனிதர்கள் நூறு வருடத்தில் படிப்படியாக வேகம் கூடியிருக்கிறார்கள், அந்தக் காலத்து ஜாம்பவான்கள் இன்றைக்கு வந்தால் சாதாரண வீரர்கள்தான். பயிற்சி, உணவு, உடல்வாகு எல்லாம் மாறியிருப்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன நான்கு எண்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. நான்கு பந்துகளும் அவற்றின் பயணத்தில் வெவ்வேறு இடங்களில் அளக்கப்பட்டவை. இந்த ஆட்டத்தில் இடம் மாறினால் எண் நிறையவே மாறும்.

ஏன் என்று பார்ப்போம். பந்து வீசுபவரான பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, மட்டை பிடிக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். பிட்சர் ஒரு நீண்ட எட்டு முன்னால் வைத்துத்தான் பந்தை விடுவார் என்பதால், பந்து உண்மையில் பறப்பது சுமார் 55 அடி, கிட்டத்தட்ட 17 மீட்டர். 100 மைல் வேகத்தில் கிளம்பிய பந்து அதைக் கடக்க 0.4 நொடி எடுத்துக்கொள்கிறது. மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 நொடி ஆகும். ஆக, அடிக்கலாமா விடலாமா என்று பேட்டர் முடிவு செய்வதற்குக் கிடைப்பது கால் நொடி.

அந்த 0.4 நொடிக்குள் காற்று பந்தை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பேஸ்பாலின் எடை சுமார் 145 கிராம், விட்டம் ஏழேகால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 100 மைல் வேகத்தில் போகும்போது அதன் மீது காற்று பின்னோக்கித் தள்ளும் விசையைக் கணக்கிட்டால், பந்தின் எடையைவிட அதிகமாக வருகிறது! பூமி கீழே இழுப்பதைவிடப் பலமாகக் காற்று அதைப் பின்னால் பிடித்துத் தள்ளுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு இவ்வளவு பலமா என்று தோன்றும். காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மெதுவாக எறிந்த பந்தில் நாம் கவனிக்கவே கவனிக்காத ஒன்று, 100 மைலில் முக்கியமான விசையாகிவிடுகிறது.

விளைவு என்ன? கையை விட்டபோது 100 மைலில் இருந்த பந்து, பேட்டரைச் சேரும்போது ஏறத்தாழ 91 மைலுக்கு இறங்கிவிடும். தோராயமாக ஒவ்வொரு ஆறு அடிக்கும் ஒரு மைல் வேகம் போகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் அங்கே இழப்பும் குறையும். இப்போது அந்த நான்கு பேரிடம் போகலாம்.

வால்டர் ஜான்சன் 1907 முதல் 1927 வரை வாஷிங்டன் அணிக்காக ஆடி 417 வெற்றிகள் பெற்றவர். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தது 110 முறை. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. 1912-ல் அவரை கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ரெமிங்டன் ஆயுதத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனார்கள். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி அங்கே இருந்தது. பந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில் போய் அதற்குள் நுழைய வேண்டும். கையைப் பக்கவாட்டில் தாழ்வாகச் சுழற்றி வீசுகிற ஜான்சனுக்கு அது லேசான காரியம் இல்லை. கிடைத்த அளவு நொடிக்கு 122 அடி, அதாவது மணிக்கு 83 மைல். அது பந்து முழுத் தூரத்தையும் பறந்து முடித்த பிறகு எடுத்த அளவு. காற்று தின்ற பங்கைத் திரும்பச் சேர்த்தால் கையை விட்ட வேகம் 93 மைலைத் தாண்டுகிறது. சாதாரண உடையில், மைதானமே இல்லாத இடத்தில், பேட்டர் யாரும் எதிரே நிற்காமல் வீசிய பந்து அது. ஆட்டத்தின் சூட்டில் அவர் இன்னும் வேகமாக வீசியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கிளீவ்லண்ட் அணியின் பாப் ஃபெல்லர் கதை வேறு மாதிரி. சிகாகோவில் ஒருமுறை வேகமாகப் பாய்ந்து வந்த மோட்டார் சைக்கிள் தன்னைக் கடக்கும் நேரத்தில் பந்தை விட்டு, அதை முந்தியடித்துக் காட்டியவர் அவர். பார்க்க அருமையான காட்சி, ஆனால் அளவீடாக அதை நம்ப முடியாது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாளே கடற்படையில் சேர்ந்து, போர் முடிந்து திரும்பி, 1946-ல் ஒரே பருவத்தில் 348 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது, எடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்துக்கு ராணுவத்தின் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பந்து ஒளித்திரைகளைக் கடக்கும்போது ஏற்படும் மாற்றத்தை ஒளிமின்கலங்கள் பிடிக்கும். கடக்க எடுத்த நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். 98.6 மைல் என்று வந்தது. அளந்த இடம் ஹோம் பிளேட். ஒன்பது மைலைச் சேர்த்துப் பாருங்கள், 107-ஐத் தாண்டும்.

அப்புறம் ரயன். 27 பருவங்கள், 5,714 ஸ்ட்ரைக்அவுட், ஏழு நோ-ஹிட்டர். பேட்டர் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடித் தளத்தைச் சேர்வது ஹிட். ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் முடிப்பதுதான் நோ-ஹிட்டர். பெரும்பாலான பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமையாது. ஸ்ட்ரைக்அவுட் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ராண்டி ஜான்சன் அவரைவிட 839 குறைவு. ஏழாவது நோ-ஹிட்டரை 1991 மே 1 அன்று வீசியபோது ரயனுக்கு வயது 44. 1974-ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியில் இருந்தபோது, அனஹைம் மைதானத்தில் ராக்வெல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ரேடார் வைத்து அவர் பந்தை அளந்தார்கள். கண்காட்சிப் பந்து இல்லை, நிஜ ஆட்டம். 100.9 மைல் வந்த பந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் வீசப்பட்டது. அதற்குள் அந்தத் தோள் நூறு பந்துக்கு மேல் வீசிக் களைத்திருக்கும். ரேடார் பந்தைப் பிடித்தது ஹோம் பிளேட்டுக்குப் பத்து அடி முன்னால். பந்து அதற்குள் 45 அடி பறந்து, ஏழு மைலுக்கு மேல் இழந்துவிட்டது. இயற்பியலாளர்கள் திருப்பிக் கணக்குப் போட்டபோது கையை விட்ட வேகம் 108 மைல் என்று வந்தது. களைப்போடு வீசிய அந்த ஒரு பந்துக்காகவே அவரை முதல் இடத்தில் வைக்கலாம் என்பது என் கட்சி.

ரேடார் எப்படி அளக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போலீஸார் சாலையில் பயன்படுத்தும் ரேடார் கன்னை பேஸ்பாலுக்குக் கொண்டுவந்தவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர். அதுவும் 1974 வாக்கில்தான். இந்த வகைக் கருவிகளில் ஒன்று நொடிக்கு சுமார் 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட நுண்ணலையை அனுப்பும். எதிரே வருகிற பந்தில் பட்டுத் திரும்பும் அலை சற்று நெருக்கமாகிவிடும். இதுதான் டாப்ளர் விளைவு. 100 மைலில் வரும் பந்து என்றால் திரும்பும் அலையில் நொடிக்கு சுமார் 7,200 அதிர்வுகள் கூடியிருக்கும். கருவி அந்த வித்தியாசத்தை எண்ணி, மைலாக மாற்றிக் காட்டுகிறது. கருவியைப் பிடிப்பவர் பந்தின் பாதைக்கு நேராக நிற்க வேண்டும். 20 டிகிரி விலகினால் 100 மைல் பந்து 94 என்று காட்டும்.

கோணத்தைச் சரிசெய்தாலும் இடத்தின் சிக்கல் தீரவில்லை. 1970-களிலும் 80-களிலும் இரண்டு வகைக் கருவிகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று பந்தைக் கைக்கு அருகில் பிடித்தது, இன்னொன்று பேட்டருக்கு அருகில். ஒரே பந்துக்கு இரண்டும் பல மைல் வித்தியாசம் காட்டின. வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள் எந்தக் கருவியில் எடுத்த எண் என்று கேட்காமல் ஒரு பையனை எடைபோட முடியாது.

சாப்மனின் 105.1 கேமராக்களை வைத்துக் கணக்கிட்டது. அந்த முறையில் ஹோம் பிளேட்டிலிருந்து 50 அடியில் பந்து இருக்கும்போதைய வேகம் அறிவிக்கப்பட்டது. பந்து கையை விட்டுச் சில அடிகளே வந்திருக்கும். 2017-ல் கையை விட்ட கணத்து வேகத்தையே அறிவிக்கும் முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டு கிட்டத்தட்ட எல்லா பிட்சர்களும் கொஞ்சம் வேகம் கூடியவர்களாகத் தெரிந்ததில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிரிக்கெட்டிலும் இதே கதைதான்: 2003 உலகக்கோப்பையில் ஷோயப் அக்தர் தொட்ட 161.3 கிலோமீட்டர் கையை விட்ட வேகம். காற்றும் தரையும் தடுத்த பிறகு பேட்ஸ்மேனைச் சேரும் வேகம் அதைவிட மிகவும் குறைவு.

2020 முதல் அமெரிக்க மைதானங்களில் ஹாக்-ஐ கேமராக்கள் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இருக்கின்றன. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முடிவுகளுக்காக நாம் பார்க்கும் அதே தொழில்நுட்பம். பந்து கையை விட்ட புள்ளியிலிருந்து கடைசி வரை அதன் முழுப் பாதையும் கிடைத்துவிடுகிறது. கூடவே இன்னொன்றும் தெரிகிறது: பிட்சர் எவ்வளவு முன்னால் எட்டிப் பந்தை விடுகிறார் என்பது. ஓரடி அதிகமாக எட்டினால் பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் குறையும். 98 மைல் பந்து அவருக்கு 100 மைல் பந்து போலவே வந்து சேரும். அதனால் இப்போது பயிற்சியாளர்கள் கையை விட்ட வேகத்தோடு இந்த எட்டும் தூரத்தையும் சேர்த்தே ஒரு பிட்சரை மதிப்பிடுகிறார்கள்.