அப்பா பேர்ல இருக்கற காரை நம்ம பேருக்கு மாத்தறது எப்படி

வீட்ல ஒருத்தர் தவறிட்டா பேங்க், பென்ஷன், வீட்டுப் பட்டான்னு எல்லாத்துக்கும் ஓடுவோம், வாசல்ல நிக்கற கார் மட்டும் யார் கண்ணுலயும் படாது. சாவி ஆணியில தொங்கும், அவசரத்துக்கு யாராவது எடுத்து ஓட்டிட்டிருப்பாங்க, ஆர்சி புக்ல அப்பா பேர் அப்படியே இருக்கும். இப்படி வருஷக்கணக்கா ஓட்டறவங்க நெறைய பேர். செக்கிங்ல நிறுத்தினா கூட "அப்பா வண்டி சார்"னு சொன்னா அதோட முடிஞ்சிடும், அதனால இதுல ஒரு பிரச்சினை இருக்குன்னே தெரியாது. ஒரு ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் கிளெய்ம்னு போய் நிக்கறப்பதான் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 50வது பிரிவு, அதோட சேர்த்து மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 56வது விதி, இந்த ரெண்டுதான் இதுக்கு அடிப்படை. ஓனர் இறந்துட்டா வண்டி யார் கைக்கு வருதோ அவங்க 30 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல "இவர் இறந்துட்டாரு, இனிமே வண்டிய நான் வச்சிக்கப்போறேன்"னு எழுதிக் கொடுக்கணும், அப்படிக் கொடுத்துட்டா மூணு மாசம் வரைக்கும் வண்டிய தன் பேருக்கு மாத்தின மாதிரியே ஓட்டிக்கலாம், அந்த மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 போட்டு பேர் மாத்த விண்ணப்பிக்கணும். 30 நாள் லெட்டர் பத்தி பலருக்குத் தெரியவே தெரியாது. வெள்ளைத்தாள்ல எழுதி டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் வச்சு கொடுத்து, நம்ம காப்பியில ஒரு சீல் வாங்கி வச்சிக்கிட்டா போதும், இல்லன்னா ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பி அக்னாலட்ஜ்மென்ட் அட்டைய பத்திரமா வச்சிக்கலாம். மூணு மாசம் தாண்டிட்டா பேர் மாத்தவே முடியாதான்னா அப்படி இல்ல, மாத்தலாம், தாமதத்துக்கு ஒரு ஃபைன் கட்டச் சொல்வாங்க, அவ்ளோதான்.

ஆனா இன்சூரன்ஸ் அப்படி விடாது. வழக்கமான மோட்டார் பாலிசியோட கண்டிஷன்லயே எழுதியிருக்கும்: பாலிசிதாரர் இறந்தா பாலிசி உடனே செத்துப்போகாது, இறந்த தேதியிலேர்ந்து மூணு மாசம், இல்ல பாலிசி முடியற தேதி, இதுல எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான் உயிர். அதுக்குள்ள வாரிசு தன் பேருக்கு மாத்திக்கணும் இல்ல புது பாலிசி எடுக்கணும். இங்கதான் பல பேர் ஒரு காரியம் பண்றாங்க, ரினியூவல் மெசேஜ் அப்பா நம்பருக்கு வரும், லிங்க்கைத் தட்டி பணத்தைக் கட்டிடுவாங்க, பாலிசி அப்பா பேர்லயே புதுசா வந்துடும். இறந்தவர் பேர்ல எடுத்த பாலிசிய வச்சு நாளைக்கு கிளெய்ம் கேட்டா கம்பெனிக்காரன் முதல்ல நோண்டறதே அதைத்தான். அதுவும் ஓனர் டிரைவருக்கு 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர்னு ஒண்ணு இருக்கே, அது ஆர்சி ஓனரே லைசென்ஸோட வண்டி ஓட்டினாதான். ஆர்சி அப்பா பேர்ல, ஓட்டறது பையன்னா அந்தக் கவர் பையனுக்குக் கிடையாது. இதுல ஒரு நல்ல விஷயமும் உண்டு: அப்பா கிளெய்ம் பண்ணாம சேத்து வச்ச நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, வீணாப் போகாது, வண்டி மனைவி, பிள்ளைங்க, இல்ல பெத்தவங்க கைக்கு வந்தா அந்த போனஸும் கூடவே வரும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் இதை அவரா சொல்லமாட்டாரு, நாமதான் கேட்டு வாங்கணும்.

சரி, ஆர்டிஓ ஆபீஸ் வேலைக்கு வருவோம். உண்மைய சொன்னா அங்க வேலை கம்மி, அதுக்கு முன்னாடி பேப்பர் சேக்கறதுதான் வேலை. டெத் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் வாரிசு சான்றிதழுக்கு அப்ளை பண்ணிடணும், இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டினா போதும், அங்கேர்ந்து விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), கடைசியா தாசில்தார்னு ஃபைல் போகும். கார் மட்டும் இல்ல, பேங்க்ல இருந்து பட்டா வரைக்கும் எல்லாத்துக்கும் இது வேணும்ங்கறதால எப்படியும் எடுக்கத்தான் போறீங்க. இதுல பாட்டிய மறந்துடாதீங்க. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் இறந்தா மனைவி, மகன், மகள் மட்டும் இல்ல, அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களும் முதல் வகுப்பு வாரிசுதான், அவரோட மகள்ங்கறதால கல்யாணமாகிப் போன உங்க அக்கா தங்கச்சியும் அப்படித்தான்.

வாரிசு சான்றிதழ்ல எத்தனை பேர் இருக்காங்களோ, அதுல வண்டி யார் பேருக்கு மாறப்போகுதோ அவரைத் தவிர மத்த எல்லாரும் "எங்களுக்கு ஆட்சேபனை இல்ல"ன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு நோட்டரி பண்ணித் தரணும். தங்கச்சி துபாய்லயோ சிங்கப்பூர்லயோ இருந்தா அங்க இருக்கற இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அதுக்கு நாளாகும், அதனால அதை முதல்லயே ஆரம்பிச்சிடுங்க. ஆர்சி ஒருத்தர் பேருக்கு மாறினதால மத்தவங்களுக்கு வண்டியோட மதிப்புல இருந்த பங்கு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதை வீட்டுக்குள்ள தனியா பேசித் தீத்துக்கணும்.

யார் பேருக்கு மாத்தறதுன்னு ஒரு கேள்வி வரும். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் இல்ல, அதனால அவங்க பேருக்கு மாத்த முடியாதுன்னு சொல்வாங்க, அது தப்பு, ஓனரா இருக்க லைசென்ஸ் தேவையே இல்ல. ஆனா அம்மா பேர்ல இருந்தா மேல சொன்ன ஓனர் டிரைவர் கவர் யாருக்கும் வராது, அதனால தினமும் யார் ஓட்டறாங்களோ அவங்க பேர்ல இருக்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

விண்ணப்பம் மத்திய அரசோட போக்குவரத்துத் துறை வெப்சைட்டான பரிவாகன்ல. வண்டி நம்பர், சேஸிஸ் நம்பரோட (வண்டியோட சட்டத்துல அடிச்சிருக்கற நம்பர்) கடைசி அஞ்சு எழுத்து போட்டு உள்ள போகணும், ஓடிபி வர்றது வண்டியோட பதிவான மொபைலுக்கு, அதாவது அப்பாவோட நம்பருக்கு. அதனால வேலை முடியற வரைக்கும் அப்பாவோட சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோட வைங்க. ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபர்ல விற்பனைன்னு ஒண்ணு, வாரிசுன்னு ஒண்ணு இருக்கும், வாரிசைத்தான் எடுக்கணும். பேர் மாத்தற கட்டணம் காருக்கு 300, டூவீலருக்கு 150, அதுக்கு மேல ஸ்மார்ட் கார்டுக்கு 200, அப்புறம் சர்வீஸ் சார்ஜ். ஏஜென்ட் ஆயிரக்கணக்குல சொன்னா மீதி எதுக்குன்னு உங்களுக்கே புரியும். பாக்கி இ-சலான் இருந்தா முதல்ல கட்டிடணும்.

ஃபார்மை பிரின்ட் எடுத்து ஒரிஜினல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், டெத் சர்டிபிகேட், வாரிசு சான்றிதழ், ஆட்சேபனை இல்லா பத்திரம், ஆதார், பான், போட்டோ எல்லாம் வச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல கொடுக்கணும். சில ஆபீஸ்ல சேஸிஸ் நம்பரை பென்சில்ல தேய்ச்சு எடுத்து ஒட்டச் சொல்வாங்க, பழைய வண்டின்னா எண்ணெய் அழுக்கைத் துணியால துடைச்சுட்டு, மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலை சாய்ச்சுத் தேய்ச்சாதான் நம்பர் தெளிவா விழும்.

ஃபைல் திரும்பி வர்ற முக்கியக் காரணம் இனிஷியல். ஆர்சியில "எஸ். முருகேசன்", ஆதார்ல "முருகேசன் சுப்பையா", டெத் சர்டிபிகேட்ல வெறும் "முருகேசன்"னு இருந்தா மூணு பேர் மூணு ஆளுன்னு சொல்லிடுவாங்க. அதனால டெத் சர்டிபிகேட் வாங்கறப்பவே ஆதார்ல இருக்கற மாதிரி பேர் இருக்கான்னு பாத்துக்கங்க, அப்பவும் ஆர்சியோட ஒத்துப்போகலன்னா எல்லாம் ஒரே ஆளுதான்னு ஒரு அஃபிடவிட் கூட வைக்கணும்.

இதுல இவ்ளோ தலைவலி எதுக்கு, வண்டி விக்கறப்ப போடற ஃபார்ம் 29, 30ல அப்பா கையெழுத்தை நாமளே போட்டு முன்தேதி வச்சு வித்த மாதிரி மாத்திடலாம்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. அது போர்ஜரி, பின்னாடி கூடப்பிறந்தவங்களே கேஸ் போட்டா டெத் சர்டிபிகேட் ஒண்ணு போதும் மாட்டிவிட. வண்டிய விக்கத்தான் போறீங்கன்னாலும் முதல்ல உங்க பேருக்கு மாத்திட்டு அப்புறம் வாங்கறவர் பேருக்கு மாத்தறதுதான் வழி.

லோன் பாக்கி இருந்தா பேங்க் சம்மதம் இல்லாம ஆர்சியில கை வைக்க முடியாது. லோன் கட்டி முடிச்சு, ஆர்சியில மட்டும் பேங்க் பேர் நிக்குதுன்னா பேங்க்ல என்ஓசியும் (ஆட்சேபனை இல்லாச் சான்று), பேங்க் பேரை எடுக்கறதுக்கான ஃபார்ம் 35ம் வாங்கி அதையும் சேத்தே முடிச்சிடலாம்.

2021லேர்ந்து ஆர்சியிலயே நாமினி பேர் போட வழி வந்திருக்கு, புது வண்டி எடுக்கறப்பவும் போடலாம், பழைய வண்டிக்கு பின்னாடி ஆன்லைன்லயும் சேக்கலாம். நாமினி இருந்தா அவர் டெத் சர்டிபிகேட்டை அப்லோட் பண்ணி தன் பேருக்கு விண்ணப்பிச்சுக்கலாம், மேல சொன்ன கையெழுத்து அலைச்சல்ல பெரும்பகுதி மிச்சம். உங்க அப்பா ஆர்சியில அப்படி யார் பேராவது இருக்கான்னு முதல்ல பாத்துட்டு மத்ததை ஆரம்பிங்க.

புது ஆர்சி தமிழ்நாட்டுல இப்ப ஸ்பீடு போஸ்ட்லதான் வருது, கையில தர்றதில்ல, அதனால அட்ரஸும் உங்க மொபைல் நம்பரும் சரியா இருக்கணும். அது வந்ததும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய் இன்சூரன்ஸை மாத்திடுங்க, அப்பா பேர்ல இருக்கற ஃபாஸ்டேகை க்ளோஸ் பண்ணி உள்ள இருக்கற பேலன்ஸைக் கேட்டு வாங்கிட்டு உங்க பேர்ல புதுசு எடுங்க. அவரோட பேங்க் அக்கவுன்ட்ல ஆட்டோ ரீசார்ஜ் போட்டிருந்தா அதை நிறுத்தவும் மறந்துடாதீங்க, அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆன அன்னிக்கு டோல் கேட்ல நின்னு கூடுதல் கட்டணம் கட்டவேண்டி வரும்.