மூன்றரை வயதுக் கையில் ஒரு குறையும் இல்லை

'எழுத மறுக்கிறான். கவனம் போதவில்லை.' பள்ளி டைரியில் சிவப்பு மையில் இப்படி எழுதி அனுப்பியிருந்தார்கள். பையனுக்கு வயது மூன்றரை. குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான்; எழுதுவது, உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் சிகிச்சை என்னுடையது. பள்ளி திறந்த சில வாரங்களில் இதே வரி வெவ்வேறு கையெழுத்தில் என் மேசைக்கு வந்துவிடுகிறது. இந்த ஆண்டு பொறுமை தீர்ந்துவிட்டது.

அந்தப் பையன் அறைக்குள் வந்ததும் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த டப்பாக்களை எடுத்தான். ஒரு மூடி திறக்கவில்லை; எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்தான், திறந்தது. உள்ளிருந்த பாசிகளை நிறம் பார்த்துப் பிரித்தான். வட்டம் வரைந்து காட்டினேன். இரு முனைகளையும் சேர்த்து அவனும் வரைந்தான். கூட்டல் குறியைக் காட்டினேன். இரண்டு கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு எழுந்து போனான். வயதுக்கு ஏற்ற கை. "சிகிச்சை எதுவும் தேவையில்லை" என்றேன். அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. "பக்கத்து வீட்டுப் பாப்பா நூறு வரை எழுதுகிறாள், மேடம்" என்றார்.

'இப்போதே பழக்கினால்தான் பிறகு வரும்' என்ற எண்ணம்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். குழந்தையின் கை ஒரு வரிசையில்தான் கோடுகளைக் கற்கிறது. ஏறத்தாழ 2 வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, அதன்பின் சதுரம், 5 வயதையொட்டி முக்கோணம். சில மாதங்கள் முன்பின்னாகலாம்; வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. முக்கோணத்துக்குச் சாய்கோடு வேண்டும். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்திலேயே இரண்டு சாய்கோடுகள் இருக்கின்றன. நம்முடைய 'அ'வைப் பாருங்கள்: ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக்கோடு, ஒரு நெடுங்கோடு, நான்கும் உரிய இடத்தில் சேர வேண்டும். கூட்டல் குறியே கைகூடாத குழந்தையிடம் இதை நாற்பது முறை எழுதச் சொல்வதைப் பயிற்சி என்கிறீர்கள். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ட, ப, ம என்று தொடங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு என் வணக்கம்.

சரி, கட்டாயப்படுத்தினால் எழுதாதா? எழுதும். கட்டைவிரலை மடக்கி, பென்சிலை முஷ்டியில் இறுக்கி, தோளை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதும். அந்தப் பிடி அப்படியே படிந்துவிடும். ஏழெட்டு வயதில் 'அரைப்பக்கம் எழுதினாலே கை வலிக்கிறது என்கிறாள்' என்று அதே பெற்றோர் திரும்பி வருவார்கள். படிந்த பிடியை மாற்றுவது எனக்கும் கடினம், குழந்தைக்கு அதைவிடக் கடினம்.

இன்னொன்று. குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரேயைக் காட்டி, 'எலும்பு முற்றவில்லை, அதனால் எழுத வராது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் காரணம் அவ்வளவு எளிதன்று. தோள் உறுதி, விரல்களின் தனித்தனி அசைவு, கண்ணும் கையும் ஒத்துழைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் விருப்பம் என எல்லாம் கூடி வர வேண்டும்.

'தாத்தா வந்தார், தம்பி வந்தான்' என்று மரியாதை பார்த்து வினைச்சொல்லை மாற்றுகிறதே உங்கள் மூன்று வயதுக் குழந்தை, அந்த இலக்கணத்தை யார் நடத்தினார்கள்? கேட்டது, பேசியது, தவறாகச் சொன்னது, திருத்திக்கொண்டது. விஜயதசமியன்று நெல்லில் விரலால்தான் எழுத வைத்தோம். திண்ணைப் பள்ளியில் மணல்தான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தவர். கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. பின்லாந்தில் பள்ளிப் படிப்புக்கு வயது 7. அவசரம் நம்முடையது மட்டும்தான்.

ஆகவே பென்சிலை எடுத்து வையுங்கள். சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், பூத்தொட்டிக்கு நீர் ஊற்றட்டும், வாசலில் கோலப்பொடியைச் சிந்தட்டும். மரம் ஏறினால் தோள் வலுக்கும். பல்லாங்குழியில் விரலும் எண்ணும் சேர்ந்தே பழகும். சிறு குழந்தை சோழியை வாயில் போடாமல் அருகிலிருந்து பாருங்கள். பொத்தானை அதுவே போடட்டும், பஸ் போனால் போகட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பள்ளிக்கே அனுப்பாமல், குழந்தையின் ஆர்வத்தின் வழியே கற்கவிடும் பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். 'அன்ஸ்கூலிங்' என்று 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் பெயரிட்ட வழி. அவர்கள் குழந்தைகளில் சிலர் பஸ் பலகையையும் கடைப் பெயரையும் பார்த்தே வாசிக்கத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அவர்களையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம்புவது என்றால் கவனிக்காமல் விடுவது அல்ல. கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு 'அவளே கற்றுக்கொள்வாள்' என்பது இயற்கைவழிக் கற்றல் ஆகாது. எழுத்துக்குக் காத்திருக்கலாம்; சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் 'அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்ற பாட்டியின் சமாதானத்தை ஏற்க வேண்டாம். முதலில் காதுகேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன; கட்டணம் கிடையாது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ இந்த வாரமே கேளுங்கள்.