ரயில்வே நிலத்தின் வழியே பாதை, குழாய்: ‘வே லீவ்’ அனுமதி வாங்கும்முன்

வீட்டுக்குப் போகும் வழி ரயில்வே நிலத்தில் இருந்தாலும், தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ அதற்கு அடியில் போக வேண்டியிருந்தாலும், ரயில்வேயிடம் வாங்க வேண்டியது ‘வே லீவ்’ அனுமதி. சொன்ன காரியத்துக்கு மட்டும் நிலத்தைப் பயன்படுத்தலாம். உடைமையோ அனுபோக உரிமையோ வராது. அதைக் காட்டிக் கடை போடவோ கூரை இறக்கவோ முடியாது.

தண்டவாளத்தை ஒட்டிய நிலமெல்லாம் ரயில்வேயுடையது அல்ல. எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமத்தின் அ-பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் முதலில் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் தாலுகா அலுவலகம்தான் போக வேண்டும். ரயில்வே என்றிருந்தால் தாசில்தாரோ ஊராட்சித் தலைவரோ அனுமதி தர முடியாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பி-மெமோ எதுவும் உரிமைச் சான்று அல்ல. பி-மெமோ என்பது நீங்கள் ஆக்கிரமித்திருப்பதாக அரசு எழுதிக்கொடுத்த காகிதம். அதைப் பலர் பட்டா மாதிரிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விண்ணப்பம் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்தின் பொறியியல் பிரிவுக்குப் போக வேண்டும். சர்வே எண், பாதையின் நீள அகலம், தண்டவாளத்திலிருந்து அதன் தூரம், குழாயென்றால் விட்டமும் ஆழமும் வரைபடத்தில் இருக்கட்டும். ‘வேறு வழியில்லை’ என்று எழுதினால் போதாது, புலப்படத்தில் குறித்துக் காட்டுங்கள். உள்ளூர் செக்‌ஷன் இன்ஜினீயர் இடத்தைப் பார்த்து அறிக்கை தருபவர் மட்டும்தான். ‘போட்டுக்கோங்க’ என்று அவர் வாயால் சொன்னதை நம்பிக் குழி தோண்டாதீர்கள். அவர் மாறிப்போனதும் அடுத்து வருபவர் அத்துமீறல் என்பார்.

அலைக்கழிப்பு தொடங்குவதும் இங்கேதான். கோட்டத்தில் கேட்டால் ‘அறிக்கை வரவில்லை’, செக்‌ஷனில் கேட்டால் ‘அனுப்பியாச்சு’. அதனால் விண்ணப்ப நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் போனது, குறிப்புத் தாள்களின் நகல் என்று கேளுங்கள்.

ரயில் பாதை வரும்முன்பே தங்கள் நிலம் அங்கே இருந்தது, ரயில்வேதான் செலவு செய்து வழி விட வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 16-ஆம் பிரிவில் அதற்கு இடமுண்டு. ஆனால் ரயில் பாதை திறந்து 10 ஆண்டு கடந்துவிட்டால் ரயில்வேயைக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய ரயில் பாதைகளில் அந்த வாதம் நேரத்தைத்தான் தின்னும்.

ஒப்பந்தத்தில் கட்டணம், அது எப்போது உயரும், ரத்தானால் அகற்றும் செலவு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். வீட்டை விற்றால், வீட்டை வாங்குபவருக்கு இந்த அனுமதி தானாகப் போகாது, அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அரசு இடத்தில் அனுமதியின்றி இருப்பவர்களை வெளியேற்றும் 1971 பொது வளாகச் சட்டப்படி நோட்டீஸ் வந்தால், குறித்த தேதிக்குள் அதை விசாரிக்கும் எஸ்டேட் அதிகாரிக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். வெளியேற்ற ஆணை வந்துவிட்டால் மேல்முறையீடு மாவட்ட நீதிபதியிடம், 12 நாளுக்குள். முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு ஓடாதீர்கள். இதை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, அந்த 12 நாளும் அங்கேயே போய்விடும்.