தட்டுங்கோ, தம்பிமாரே

இந்த மாதமும் காயப்பட்ட தோளோடு ஒரு பெடியன் வந்தான். ரியூசன் முடிந்து நண்பன் வீட்டு விறாந்தையில், ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் தோளைத் திருகும் கிமுராப் பிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தோற்றேன், விடு என்று கையால் தட்டிக் காட்டுவதுதான் முறை. ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். "ஹீலியோ கிரேசி தட்டினவரா, டொக்டர்?" என்றான். நான் டொக்டர் இல்லை, இயன்மருத்துவர் என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

சரி, பிரேசில் ஜியு-ஜிட்சுவை வளர்த்தெடுத்த ஹீலியோவைப் பற்றியே பேசுவோம். அவர் உண்மையில் எவ்வளவு பெரிய ஆள் என்ற வாதம் எனக்கும் பிடிக்கும். 1951 ஒக்ரோபர் 23, ரியோவின் மரக்கானா மைதானம். யப்பானின் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவுக்கு வயது 34, ஹீலியோவுக்கு 38. எடையிலும் கிமுராதான் மேல். இரண்டாவது சுற்றில் ஹீலியோவின் கை முறிந்தது, அவர் தட்டவில்லை. இதை வைத்து ஒரு கூட்டம் அவரைக் கடவுளாக்கும், இன்னொன்று "தோற்ற மனுசன்தானே" என்று தள்ளிவிடும். அந்தக் காலத்துக் கிமுராவுக்கு முன்னால் இரண்டாவது சுற்றுவரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம் என்பேன். அவருடைய திறமையை அங்கே பாருங்கள், முறிந்த கையில் அல்ல.

பெடியள் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் தட்டவில்லை, ஆனால் அவருடைய தரப்பு துவாயை எறிந்து சண்டையை நிறுத்தியது. 2000இல் தோக்கியோவில் யப்பானிய வீரர் சகுராபாவுடன் 90 நிமிடம் மோதிய மகன் ரோய்ஸும் தட்டவில்லை. அங்கேயும் துவாய்தான் விழுந்தது. விறாந்தையில் உங்களுக்காகத் துவாய் எறியப் போவது யார்? பக்கத்தில் நிற்பவன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது, "வலித்தால் தட்டுவேன்தானே" என்ற நம்பிக்கை. என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். வலி முதலில் வரும், சேதம் ஆறுதலாகப் பின்னால் வரும் என்று யார் சொன்னது? தோளைத் திருகும் பிடியில், மற்றவன் வேகமாக இழுத்தால் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். குதிக்காலைத் திருகும் பிடி இன்னும் மோசம். முழங்கால் ஜவ்வு கிழிந்த பிறகுதான் பலருக்கு வலியே தெரிகிறது. ஆகவே வலிக்கு முதல் தட்டுங்கள், பிடி இறுகியதும் தட்டுங்கள். ஒழுங்காகப் பழகுபவர்கள் ஒரு பின்னேரத்திலேயே பலமுறை தட்டுவார்கள், வெட்கப்படுவதில்லை.

கழுத்தை நெரிக்கும் பிடிகளைப் பயிற்றுநர் இல்லாமல் தொடவே வேண்டாம். பத்து நொடிக்குள் நினைவு தப்பலாம். நினைவு தப்பியவன் எப்படித் தட்டுவான்?

தோள் விலகிவிட்டதா? இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். யூரியூப் பார்த்தும் வேண்டாம், மாமா சொன்னார் என்றும் வேண்டாம். கை எப்படி இருக்கிறதோ அப்படியே சால்வையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரல் மரத்தாலோ வெளிறினாலோ தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். எண்ணெய் பூசி உருவுவதும் புக்கை கட்டுவதும் எக்ஸ்ரேக்கு முன்னால் கூடவே கூடாது. அம்மாமாரே, இதை உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

அப்புறம், கட்டு அவிழ்த்ததும் காணாமல் போய்விடாதீர்கள். இறுகிய தோள் தானாக இளகாது. உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது வலக்கையைத் தூக்கமுடியாமல் வந்து நின்றால், இடக்கையால் எழுதப் பழக்க எனக்குத் தெரியாது.