மதகைத் திறக்கும் லூசின்: புரதப் பொடி உடலுக்குள் என்ன செய்கிறது?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எட்டு மாதங்களாக ஜிம்முக்குச் செல்கிறார். உடல் எடை குறைய வேண்டும், அதே சமயம் தசையும் ஏற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பயிற்சியாளர் நாளொன்றுக்கு மூன்று கரண்டி புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார். நடவு வேலைக்குச் செல்லும் அவருடைய அம்மாவோ, அந்த மாவைக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயந்து டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். பொடி குடித்தால் எடை குறையுமா, தசை வலி சீக்கிரம் ஆறுமா, அம்மா சொல்வது உண்மையா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தார்.

முதலில் அந்தப் பொடி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின். மீதி 20 விழுக்காடு, பால் திரியும்போது கட்டியாகாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும் புரதம். உறைந்த தயிரின் மேல் இளம்பச்சையாகத் தேங்கி நிற்கும் தெளிவு நீரில் இருப்பது இதுதான். சீஸ் ஆலைகளில் மிஞ்சும் இந்த நீரை வடிகட்டி, உலர்த்தித் தூளாக்கினால் ‘வே புரோட்டீன்’ கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஆலைகள் இதைக் கழிவாக ஆறுகளில் கொட்டிக்கொண்டிருந்தன. ஆகவே அது மருந்தும் அன்று, நஞ்சும் அன்று. பாலின் ஒரு பகுதி.

எடை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் எந்தப் புரதத்துக்கும் கிடையாது. செலவாவதைவிடக் குறைவான கலோரியை உண்டால்தான் எடை குறையும். புரதம் இதற்கு இரண்டு வழிகளில் துணை செய்கிறது: பசியை நெடுநேரம் அடக்கி வைக்கிறது, தன்னுடைய ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காட்டைத் தன்னைச் செரிப்பதற்கே செலவழிக்க வைக்கிறது. மாவுச்சத்துக்கு அந்தச் செலவு 5 முதல் 10 விழுக்காடுதான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் இழக்கிறார். போதிய புரதமும் பளு தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் அந்தத் தசை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் வழக்கமான சாப்பாட்டில் எதையும் குறைக்காமல் அதன் மேல் மூன்று கரண்டிப் பொடியைச் சேர்த்தால், கலோரி கூடி எடையும் கூடத்தான் செய்யும்.

இனித் தசைக்கு வருவோம். நம் உடல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 300 கிராம் புரதத்தை உடைத்து, அதே அளவுக்குத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறது. நாம் உண்பது அதில் நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் இருக்கும்; மீதியெல்லாம் உடைத்த பழைய பொருளைக் கொண்டே நடக்கும் மறுகட்டுமானம். எப்போது கட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடை, நான் படித்த உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9 உணவின் வழியே வந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றான லூசினுக்கு மட்டும் இரட்டை வேலை. மற்ற அமினோ அமிலங்களைப் போல அதுவும் கட்டுமானப் பொருள்தான். அதே சமயம், பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தியும் அதுவே. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டாலும் மதகைக் காக்கும் ஊழியரான லஸ்கர் அதைத் தூக்கும் வரை வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். தசைச் செல்லுக்குள் எம்டார் என்ற பெரிய புரதத் தொகுதி அந்த மதகைப் போல இருக்கிறது. அங்கே வந்த தண்ணீரே, தான் வந்துவிட்டதை அறிவித்து மதகைத் தூக்க வைக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செஸ்ட்ரின்-2 என்று ஒரு சிறிய புரதம் செல்லுக்குள் இருக்கிறது. லூசின் இல்லாத நேரத்தில் அது, எம்டாரைத் தூண்டும் பாதையிலுள்ள இன்னொரு புரதத் தொகுதியை இறுகப் பற்றிக்கொண்டு அதைச் செயல்படவிடாமல் வைத்திருக்கிறது. செஸ்ட்ரினின் உடலில் லூசின் மட்டுமே சரியாகப் பொருந்தும்படி ஒரு குழி உண்டு. உணவு செரித்து லூசின் அந்தக் குழியில் வந்து அமர்ந்ததும் செஸ்ட்ரின் தன் பிடியை விடுகிறது. விடுபட்ட தொகுதி அடுத்த தடையை நீக்குகிறது. எம்டார் நகர்ந்து லைசோசோமின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. லைசோசோம் என்பது பழைய புரதங்களை உடைக்கும் பை. புதிதாகக் கட்டுவதற்கான உத்தரவு, பழையதை இடிக்கும் இடத்தின் சுவரிலேயே பிறப்பிக்கப்படுகிறது. உடைத்த பொருள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வெளியிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் கணக்குப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. அங்கிருந்து எம்டார் அனுப்பும் சமிக்ஞையில், செல்லின் புரதம் கட்டும் பொறிகளான ரைபோசோம்கள் விழித்துக்கொண்டு புதிய தசைப் புரதத்தைக் கோக்கத் தொடங்குகின்றன.

இந்த எம்டார் கண்டுபிடிக்கப்பட்ட கதைக்கும் ஜிம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1964இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு, பசிபிக் கடலின் நடுவே உள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளைக் கொண்டு வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று பூஞ்சையை அடக்கும் பொருளைச் சுரந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்து மாண்ட்ரியலில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல் அதைப் பிரித்தெடுத்தார்; அந்தத் தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியை வைத்து அதற்கு ராப்பாமைசின் என்று பெயர் வந்தது. அவர் பணியாற்றிய மருந்து நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோது, நுண்ணுயிர் மாதிரியை அவர் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார். 1999இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ராப்பாமைசின் செல்லுக்குள் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடிப் போனவர்கள்தாம் 1994இல் எம்டாரைக் கண்டார்கள். ‘இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?’ என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளிர்ப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. மண்ணை வெறும் ஆர்வத்தால் தோண்டுபவருக்கும் நம் நாட்டில் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதகு இதுதான் என்பதற்கு மனிதரிலேயே சான்று உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எம்டாரை முடக்கும் ராப்பாமைசினைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்த பிறகு பளுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பயிற்சிக்குப் பின் வழக்கமாக உயர வேண்டிய தசைப் புரத உற்பத்தி உயரவேயில்லை. பயிற்சியும் லூசினும் ஒரே மதகுக்குத்தான் வந்து சேர்கின்றன. பயிற்சி செய்த தசை குறைந்தது 24 மணி நேரத்துக்கு அமினோ அமிலங்களைக் கூடுதல் உணர்வோடு வரவேற்கிறது. எனவே பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று சொல்வது சரியன்று.

மூன்று கரண்டிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மதகு திறந்ததும் உயரும் தசைப் புரத உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், இரத்தத்தில் அமினோ அமிலம் மிகுந்திருந்தாலும், தானே தணிந்துவிடுகிறது. இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு கால் கிராம், அதாவது 70 கிலோ எடைக்கு 17, 18 கிராம் நல்ல புரதம் கிடைத்தாலே மதகு ஏறக்குறைய முழுதாகத் திறந்துவிடும். மிஞ்சியதில் பெரும்பகுதி எரிபொருளாகி, அதன் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போகிறது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வில், பளுப் பயிற்சியோடு புரதம் சேர்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.3 கிலோ கொழுப்பற்ற எடைதான் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்டதால் கூடுதல் பயன் தெரியவில்லை. பயன் உண்டு, ஆனால் சிறியது. தசையை வளர்ப்பதில் பெரும்பங்கு பயிற்சியினுடையது.

தசை வலிக்கு வருகிறேன். பயிற்சிக்கு மறுநாள் படியிறங்க முடியாமல் வரும் வலி லாக்டிக் அமிலத்தால் வருவதன்று. அது ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். நீளும்போதே பளுவைத் தாங்கிய தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய கிழிசலும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணம். புரதம் அந்தப் பழுதுபார்க்கும் வேலைக்குப் பொருள் தருகிறது. ஆனால் வலியைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் தெளிவான ஆதாரம் இல்லை.

அம்மாவின் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. நலமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுப்பதாகச் சான்றில்லை. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது சுமைதான், அந்தப் பழுது பல ஆண்டுகள் வெளியே தெரியாமலும் இருக்கும். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதும் அஞ்ச வேண்டிய விஷயமே. 2024இல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு லேபிளில் சொன்னதோடு பொருந்தவில்லை. வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணிக்கிறது. ஆகவே கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் கணக்கு ஏறிவிடும். ஆனால் செஸ்ட்ரினின் குழியில் கிளைசின் பொருந்தாது. காசு கொடுத்தவருக்கு மதகு திறக்காது.

பொடியின் ஒரு கரண்டியில் ஏறத்தாழ 2.5 கிராம் லூசின் இருக்கும். அதே அளவு ஐந்து முட்டைகளிலோ, 160 கிராம் மீனிலோ, 120 கிராம் உளுந்திலோ கிடைத்துவிடும். ஒரே வேளையில் 120 கிராம் உளுந்து உண்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று இட்லியில் மொத்தப் புரதமே 6 கிராமுக்கு அருகில்தான். பொடியின் உண்மையான அனுகூலம் இந்த அடர்த்திதான். ஆனால் இட்லியோடு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் அந்த இளைஞரின் வேளைக் கணக்கு நிறைந்துவிடும். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து ஈடுகட்டுகிறது, உளுந்தில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டுகிறது. சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரத்தோடு உளுந்தும் பயறும் தெளிக்கும் ஊரில், அரிசியும் உளுந்தும் ஒரே வயலிலிருந்துதான் வருகின்றன.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 50 வயதுக்குப் பிறகு தசை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. மதகும் துருப்பிடித்ததுபோல் மந்தமாகி, அதைத் திறக்க ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் வரை தேவைப்படுகிறது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிளறிக் கொடுக்கும் நம் வீடுகளில், வயதான பெண்ணுக்கு மட்டும் ‘கஞ்சி போதும், பருப்பு வாயு, முட்டை சூடு’ என்ற நம்பிக்கை எப்படியோ நிலைத்துவிட்டது. எலும்பு முறிந்து படுக்கும் பாட்டிமார்களைப் பார்த்திருக்கும் எனக்கு அந்த நம்பிக்கையின் மேல் கோபம் உண்டு. பகல் முழுதும் குனிந்து நடவு நட்டு, பழைய சோறும் மோரும் உண்டு படுக்கும் ஒரு தாய்க்கு, ஜிம்முக்குப் போகும் மகனைவிடப் புரதத்தின் தேவை அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை அவருக்குச் செய்து, மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால், பரணிலிருக்கும் டப்பாவை இறக்கி நாளொன்றுக்கு ஒரு கரண்டியை அவருடைய காலைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.